ஐ.இ.எம். (காதுக்குள்ள சொருகற இயர்போன்): வலது காதுல பேஸ் (அடி ஒலி) காணோம், ட்ரெபிள் (கீச்சு ஒலி) குத்துது. டிப்ஸ் (முனை ரப்பர்) மாத்தினா போதுமா?

கிருஷ்ணகிரி_பயணி:

வணக்கம். கம்பி வச்ச ஐ.இ.எம்., ஒற்றை டைனமிக் டிரைவர் (ஒலி எழுப்பற குட்டி ஸ்பீக்கர்), காதுக்கு மேல சுத்திப் போடுற வகை. பெட்டியில சின்னது, நடுத்தரம், பெருசுன்னு மூணு ஜோடி சிலிகான் ரப்பர் வந்துது. ரெண்டு காதுலயும் நடுத்தரம்தான் போட்டிருக்கு. இடது பக்கம் தவில், மிருதங்கத்தோட தொப்பி எல்லாம் சரியா விழுது. வலது பக்கம் அடி ஒலியே இல்ல, குரல் மெலிசா தகரம் மாதிரி கேக்குது. ரெண்டு பக்கமும் ஜால்ரா, "ஸ்" சத்தம் வந்தா குத்துது. பேசினாலோ எதையாவது மென்னாலோ வலது பக்கம் நழுவி வெளிய வருது. இடது பக்கம் அழுத்தும்போது "கிரிச்"னு ஒரு சத்தம்.

கேக்கறது பெரும்பாலும் ஓசூர் பஸ்லதான். என்ஜின் சத்தத்துக்கு வால்யூம முக்கால் வரைக்கும் ஏத்த வேண்டியிருக்கு. பஸ் ஸ்டாண்ட் பக்கம் கடையில வாங்கின ஃபோம் (பஞ்சு மாதிரி) ரப்பர் நாசில்ல (ஒலி வர்ற முனைக் குழாய்) நிக்காம கழண்டு வருது.

செட்டே கோளாறா, இல்ல ரப்பர்தான் காரணமா? ஃபோம் நல்லதா, சிலிகான் நல்லதா? ஈக்யூ (பேஸ், ட்ரெபிள ஏத்தி இறக்கற செட்டிங்) போட்டு பேஸ ஏத்தினா போதாதா?

பாலக்கோடு_பேஸ்:

தம்பி, ஈக்யூ பக்கமே போகாதீங்க. காத்து கசியற இடத்துல பேஸ ஏத்தினா டிரைவர்தான் வீணா ஆடும், காதுக்கு ஒண்ணும் வந்து சேராது. சீல் (காத்து கசியாத அடைப்பு) சரியான அன்னிக்கு அதே ஈக்யூ மண்டைய உடைக்கும்.

முதல்ல கோளாறு செட்லயா காதுலயான்னு பிரிக்கணும். ரெண்டு பக்க டிப்ஸையும் கழட்டாம, வலது பீஸ இடது காதுல வச்சு விரலால பிடிச்சுக்கோங்க. வடிவம் உக்காராது, பரவாயில்ல, சோதனைக்குத்தானே. பேஸ் இல்லாத குறை வலது பீஸோடவே இடது காதுக்கு வந்துட்டா கோளாறு பீஸ்ல: நாசில் வலை அடைச்சிருக்கும், இல்ல கேபிள், இல்ல டிரைவர். வலது பீஸ் இடது காதுல ஒழுங்கா பாடி, இடது பீஸ் வலது காதுல மெலிஞ்சா செட்டு நல்லா இருக்கு, உங்க வலது காதுக்கு அந்த டிப்ஸ் பொருந்தல. கேபிள் சந்தேகமா இருந்தா, கழட்டற வகைன்னா, கேபிள மட்டும் பக்கம் மாத்திப் பாருங்க.

அடுத்தது அழுத்துற சோதனை. போன்ல டோன் ஜெனரேட்டர் ஆப் எதையாவது போட்டு 40 ஹெர்ட்ஸ் வைங்க, வால்யூம் குறைவா. பீஸ மெதுவா உள்ள அழுத்துங்க. அழுத்தும்போது ஒலி திடீர்னு பெருத்து, விட்டதும் மெலிஞ்சா கசிவு இருக்குன்னு அர்த்தம். அழுத்தினாலும் விட்டாலும் ஒரே மாதிரி இருந்தா சீல் நல்லா இருக்கு. ஒண்ணு கவனிங்க: 40 ஹெர்ட்ஸையும் 500 ஹெர்ட்ஸையும் போட்டு எது சத்தமா இருக்குன்னு பாத்து முடிவு பண்ணாதீங்க. தாழ்ந்த ஒலி மனுஷக் காதுக்கு எப்பவுமே குறைச்சலாத்தான் கேக்கும். அழுத்தினா மாறுதாங்கறது மட்டும்தான் கேள்வி. அப்படியே வாய நல்லா திறந்து மூடுங்க, தலைய ரெண்டு பக்கமும் திருப்புங்க. தாடை மூட்டு காதுக் குழாயோட முன் சுவர ஒட்டியே இருக்கு. வாய் அசையும்போது குழாயோட அகலமே மாறும். நீங்க பேசினா நழுவறதுக்குக் காரணம் அதுதான்.

பேஸ் மட்டும் ஏன் காணாம போகுது? டிப்ஸுக்கும் செவிப்பறைக்கும் நடுவுல இருக்கறது ரொம்ப சின்ன காத்து அறை. அது மூடி இருந்தா டிரைவர் கொஞ்சமா நகர்ந்தாலே அழுத்தம் எகிறிடும், அதனாலதான் இவ்வளவு சின்ன டிரைவர் 30 ஹெர்ட்ஸ் வரைக்கும் தருது. ஓரத்துல மயிரிழை அளவு ஓட்டை இருந்தா, மெதுவா மாறுற அழுத்தத்துக்கு அது வழியா வெளிய போக நேரம் கிடைக்குது. வேகமா மாறுற ஒலிக்கு அந்த நேரமே இல்ல. அதனால கசிவு முதல்ல அடி பேஸ எடுத்துடும், பெருசாக ஆக 200, 300 ஹெர்ட்ஸ் வரைக்கும் ஏறி குரலோட உடம்பையே தின்னுடும். மிச்சம் நிக்கறது ட்ரெபிள் மட்டும். நீங்க குத்துதுன்னு சொல்றதுல பாதி இதுவா இருக்கும்.

இப்ப அளவு. நாசில்ல நிக்குதான்னு பாத்தா மட்டும் போதாது. ரெண்டு காதும் ஒரே அளவா இருக்கணும்னு எந்தச் சட்டமும் இல்ல. வலதுக்குப் பெருசு, இடதுக்கு நடுத்தரம்னு தாராளமா போடலாம். ஆனா "நழுவுது, அதனால பெருசு"ங்கற முடிவுக்கும் உடனே போயிடாதீங்க. டிப்ஸ் பெருசா இருந்தாலும் நழுவும். டிப்ஸோட குடை மாதிரி ஓரம் விரிய இடமில்லாம மடிஞ்சு, அந்த மடிப்பு வழியாவே காத்து போகும், சிலிகானோட வளையுற வேகம் பீஸையே வெளிய தள்ளும். பிரிச்சுப் பாக்க சுலபமான வழி: ஒரு பாட்டு முடியற வரைக்கும் போட்டிருந்துட்டு மெதுவா வெளிய எடுத்து, குடையோட ஓரத்த வெளிச்சத்துல பாருங்க. ஒரு பக்கம் நீளமா மடிப்புக் கோடு இருந்தா பெருசு. மடிப்பே இல்லாம, போட்டிருக்கும்போது லேசா இழுத்தாலே வழுக்கிட்டு வந்தா சின்னது. சரியான அளவுல இழுக்கும்போது கொஞ்சம் உறிஞ்சிப் பிடிக்கிற மாதிரி தெரியும், காது வலிக்காது. அரை மணி நேரத்துல ஒரே இடத்துல வலி வந்தா அதுவும் பெருசோட அறிகுறிதான்.

போடற விதம் தப்பா இருந்தா எந்த அளவும் பொருந்தாது. வலது காதுக்குப் போடும்போது இடது கைய தலைக்கு மேல கொண்டுவந்து வலது காதோட மேல் நுனிய மேலயும் பின்னாலயும் இழுங்க. குழாய் நேராகும். வாய லேசா திறந்துக்கிட்டு, பீஸ நேரா குத்தாம கொஞ்சம் திருகிக்கிட்டே உள்ள விடுங்க. உக்காந்தப்புறம் காத விடுங்க. கேபிள காதுக்கு மேல சுத்தி, தாடைக்குக் கீழ இருக்கற சின்ன ஸ்லைடர மேல ஏத்திடுங்க. இல்லன்னா பஸ் குலுக்கல்ல கேபிளோட எடையே சீல பிச்சுடும்.

கடை ஃபோம் கழண்டு வர்றது துளை அளவு பொருந்தாததால. அத ஃபோம் ஆளுங்க வந்து சொல்லுவாங்க.

ஓசூர்_ஃபோம்_கட்சி:

கூப்பிட்டாச்சு, வந்தாச்சு.

ஃபோம்ல மூணு அளவு பாக்கணும், கடைக்காரர் ஒண்ணுதான் சொல்லுவார். வெளி விட்டம் (சின்னது, நடுத்தரம், பெருசு), உள் குழாயோட துளை, மொத்த நீளம். துளை நாசிலோட கழுத்த விடக் கொஞ்சம் சின்னதா இருக்கணும், அப்பத்தான் இழுத்துப் பிடிக்கும். நாசில் விட்டத்த வெர்னியர் காலிபர்ல அளங்க. முனையில தடிப்பான விளிம்பு இருந்தா விளிம்பையும் அதுக்குப் பின்னால இருக்கற கழுத்தையும் தனித்தனியா குறிச்சுக்கோங்க. காலிபர் இல்லன்னா பட்டறை வச்சிருக்கற யாருகிட்டயும் இருக்கும், ஓசூர்ல அதுக்கா பஞ்சம். இப்ப வர்ற டைனமிக் செட்டுங்கள்ல நாசில் பெரும்பாலும் 5 முதல் 6 மி.மீ. வரைக்கும் இருக்கும். ஷூர் எஸ்.இ.215 மாதிரி ஒல்லி நாசிலுக்கு வர்ற டிப்ஸ் துளை அதுல பாதிதான். கம்ப்ளை ஃபோம்ல 100, 200, 400, 500ன்னு எண் போட்டிருக்கறது இந்தத் துளைக்காகத்தான். 100 ஒல்லி, எண் ஏற ஏற துளை பெருசு. எண்ணத் தப்பா வாங்கினா எவ்வளவு நல்ல ஃபோமும் நாசில்ல ஏறாது, இல்ல காதுக்குள்ளயே தங்கிடும்.

தங்கிட்டா ஊசி, ஹேர்பின், ட்வீசர் எதையும் விடாதீங்க, ஆழமாத்தான் போகும். நேரா இ.என்.டி. டாக்டர்கிட்ட போங்க. தருமபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு ஊர்லயும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கு.

போடறது: கட்டை விரலுக்கும் சுட்டு விரலுக்கும் நடுவுல உருட்டி ஒல்லியாக்கி, காத மேல இழுத்து உள்ள விட்டு, 20, 30 விநாடி விரலால பிடிச்சுக்கிட்டே இருக்கணும். அது விரியறதுக்கு முன்னாடி கைய எடுத்தா வெளிய வந்துடும். முக்கால்வாசிப் பேர் "ஃபோம் நிக்கல"ங்கறது இந்த அரை நிமிஷம் பொறுக்காததால. மார்கழிக் காலையில ஓசூர் குளிர்ல ஃபோம் விறைச்சுப் போயிருக்கும், உள்ளங்கையில கொஞ்ச நேரம் பொத்தி வச்சு அப்புறம் உருட்டுங்க.

பஸ்ல என்ஜின் உறுமல் தாழ்ந்த அதிர்வெண்தான். சீல்ல துளி கசிவு இருந்தா உள்ள இருந்து பேஸ் வெளிய போற அதே ஓட்டை வழியா வெளிய இருந்து உறுமல் உள்ள வரும். ஃபோம் காது வடிவத்துக்கு ஏத்த மாதிரி விரியறதால அந்த ஓட்டைய அடைக்கறதுல அதுக்கு ஈடு கிடையாது. வால்யூம் தானா இறங்கிடும். கூடவே குத்தற ட்ரெபிளையும் கொஞ்சம் மழுக்கும். உங்க மூணு பிரச்சினைக்கும் ஒரே மருந்து.

அரூர்_அளவுகோல்:

மூன்றுக்கும் ஒரே மருந்து என்பதோடு எனக்கு உடன்பாடில்லை. ஃபோம் ட்ரெபிளை மழுக்குவது உண்மை. ஆனால் குத்தும் இடத்தை மட்டும் பார்த்து மழுக்குவதில்லை, மேலே இருக்கும் எல்லாவற்றையும் சேர்த்தே மழுக்கும். ஜால்ராவின் குத்தலோடு வீணைக் கம்பியின் மீட்டல் ஓசையும் போய்விடும். குத்தல் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

காதுக் குழாய் பெரியவர்களுக்கு ஏறத்தாழ 25 மி.மீ. நீளம், 7 மி.மீ. அகலம். ஒரு முனையை டிப்ஸ் அடைத்து மறுமுனையில் செவிப்பறை இருக்கும்போது நடுவிலுள்ள காற்றுப் பத்திக்குச் சொந்தமாக ஓர் ஒத்ததிர்வு உண்டு. அரை அலைநீளம் அந்த இடைவெளிக்குச் சமமாகும் அதிர்வெண்ணில் ஒலி எகிறும். காதுக்குள் இருக்கும் வெதுவெதுப்பான காற்றில் ஒலியின் வேகம் விநாடிக்குச் சுமார் 350 மீட்டர். இடைவெளி 22 மி.மீ. என்றால் முகடு ஏறத்தாழ 8,000 ஹெர்ட்ஸில் விழும். 2 மி.மீ. உள்ளே போனால் 8,750. 17.5 மி.மீ. ஆனால் 10,000. மேலோட்டமாகப் போட்டால் 7,000-க்குக் கீழே இறங்கி நேரே "ஸ்", "ஷ்" ஒலிகள் வாழும் இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். நீங்கள் சொல்லும் குத்தல் இந்த முகடாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

சோதிப்பது எளிது. வால்யூமை நன்றாகக் குறைத்துவிட்டு, 5,000 ஹெர்ட்ஸிலிருந்து 12,000 வரை டோனை மெதுவாக ஏற்றுங்கள். எங்கே கூர்மையாகக் கத்துகிறதோ அந்த எண்ணைக் குறியுங்கள். பிறகு டிப்ஸை ஒரு படி உள்ளே தள்ளி மறுபடி ஓட்டுங்கள். எண் மேலே நகர்ந்தால் அது காதும் ஆழமும் சேர்ந்து செய்த முகடு, டிப்ஸால் நகர்த்தலாம். நகராமல் அதே இடத்தில் நின்றால் செட்டின் சொந்தச் சுபாவம். அதற்கு ஃபோமோ ஈக்யூவோ தேவைப்படும்.

ஆழத்தை மாற்ற மூன்று வழிகள். ஓர் அளவு சிறிய டிப்ஸை ஆழமாகப் போடலாம். பெரிய டிப்ஸ் எப்போதும் வாசலிலேயே நின்றுவிடும் என்பதால் பலருக்குச் சிறியதே நல்ல சீல் தருகிறது, பாலக்கோட்டார் சொன்ன மடிப்பு விஷயத்தின் மறுபக்கம் இது. இரண்டாவது, கழுத்து நீளமான டிப்ஸ். மூன்றாவது செலவில்லாதது: பழைய சிலிகான் டிப்ஸின் நடுக் குழாயிலிருந்து 1 முதல் 1.5 மி.மீ. அகலத்தில் ஒரு வளையம் வெட்டி, நாசிலில் முதலில் அதை ஏற்றி, அதன் முன்னால் டிப்ஸைப் போடுங்கள். டிப்ஸ் அவ்வளவு முன்னே தள்ளி நிற்கும். ஆனால் நாசில் விளிம்பைத் தாண்டி டிப்ஸுக்குப் பிடிப்பு மிச்சம் இருக்க வேண்டும். 2 மி.மீ. வளையம் போட்டு, பிடிப்பே இல்லாமல் டிப்ஸ் காதுக்குள் தங்கியதுதான் இந்த வித்தையில் வழக்கமாக நேரும் விபத்து.

துளையின் அகலம் தனிக் கதை. டிப்ஸின் வாய் நாசில் அளவுக்கு அகலமாக இருந்தால் ட்ரெபிள் முழுதாக வரும். ஜே.வி.சி. ஸ்பைரல் டாட் அந்த வகை. வாய் குறுகினால், அந்தக் குறுகிய குழாயில் அடைபட்ட காற்று வேகமான அசைவை எதிர்க்கும், ட்ரெபிள் இறங்கும், பேஸ் தூக்கலாகத் தோன்றும். ஃபைனல் டைப் இ குறுகிய வாய் கொண்டது, எஸ்.எஸ். முதல் எல்.எல். வரை ஐந்து அளவுகளில் வருவதால் மூன்று அளவுகளுக்கு நடுவே மாட்டிக்கொண்ட காதுகளுக்கு அது வசதி. உங்கள் செட்டுக்கு அகன்ற வாய் வேண்டாம், குறுகிய வாயில் தொடங்குங்கள். காதுக் குழாய் வளைந்திருப்பவர்களுக்குக் கழுத்து அசையும் ஸ்பின்ஃபிட் பொருந்திப் போகும், நேரான டிப்ஸின் வாய் குழாயின் சுவரில் முட்டி அடைபடுவதை அது தவிர்க்கும். ஒரு பக்கம் மட்டும் ட்ரெபிள் மங்கினால் இப்படி முட்டுகிறதா என்று பாருங்கள்.

ஃபோமில் கவனிக்காமல் விடும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். காதுக்குப் பெரிய ஃபோமை நசுக்கிப் போட்டால், உள் குழாயைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும் ஃபோம் வாய் உள்நோக்கிச் சுருங்கித் துளையையே மூடிவிடும். "ஃபோம் போட்டால் போர்வைக்குள் இருந்து கேட்பது போலிருக்கிறது" என்பவர்கள் ஓர் அளவு சிறியதை முயன்று பார்க்கவும்.

ஓசூர்_ஃபோம்_கட்சி:

முகடு கணக்கு சரிதான், ஏத்துக்கறேன். ஆனா பஸ்ல வீணைக் கம்பியோட மீட்டல் யாருக்குங்க கேக்கப்போகுது.

பாலக்கோடு_பேஸ்:

ஓசூர் குளிருக்கு உங்க ஃபோம் சரி. பங்குனி, சித்திரையில தருமபுரிப் பக்கம் வேர்வையில அது ஊறி, விரியற வேகம் கெட்டு, வாடையும் வந்துடும். தினம் போட்டா ஃபோமோட ஆயுளே ஒண்ணு முதல் மூணு மாசம்தான். வெயில் காலத்துல அதுலயும் குறையும். உருட்டிவிட்டா உடனே எம்பி விரிஞ்சா அதோட காலம் முடிஞ்சுதுன்னு அர்த்தம், நல்ல ஃபோம் மெதுவாத்தான் விரியும். பயணத்துக்கு ஃபோம், மத்த நேரத்துக்கு சிலிகான்னு ரெண்டும் வச்சுக்கறதுதான் கட்டுப்படியாகும்.

ரெண்டுக்கும் நடுவுல உடம்புச் சூட்டுல இளகற வகை ஒண்ணு இருக்கு, அஸ்லா ஸெலாஸ்டெக் மாதிரி. ஒட்டிப் பிடிக்கும், வேர்வையிலயும் வழுக்கறது குறைவு. ஆனா சட்டைப் பையில இருக்கற தூசு, நூல் பிசிறு எல்லாத்தையும் வாரிக்கிட்டு வரும். தண்ணில அலசினா பிசுக்கு மறுபடி வந்துடும்.

கிருஷ்ணகிரி_பயணி:

எல்லாருக்கும் நன்றி. பக்கம் மாத்திப் பாத்ததுல வலது பீஸ் இடது காதுல நல்லாத்தான் பாடுது, குறை வலது காதோடதான். வலது பக்கம் 40 ஹெர்ட்ஸ் அழுத்தினா பெருக்குது, வாய் திறந்தா அறுந்துடுது. எடுத்துப் பாத்தா மடிப்புக் கோடு இல்ல. குத்தல் 6,800 பக்கம் இருக்கு, உள்ள தள்ளினா 7,500 வரைக்கும் நகருது.

இடது பக்க "கிரிச்" பத்தி யாரும் சொல்லல. அப்புறம் தங்கச்சியோட டி.டபிள்யூ.எஸ்.க்கும் (கம்பியே இல்லாத இயர்பட்ஸ்) இதே டிப்ஸ் போடலாமா? அவங்களுக்குக் காது அரிக்குதுன்னு வேற சொல்றாங்க.

பாலக்கோடு_பேஸ்:

மடிப்பு இல்ல, வாய் திறந்தா அறுந்துடுது. அப்ப வலது பக்கம் டிப்ஸ் சின்னதா இருக்கறதுதான் குறை, பெரிய டிப்ஸ் போடுங்க. பெருசு ஆழமா போகாதுன்னு அரூர்க்காரர் சொன்னது ஞாபகம் இருக்கட்டும், 6,800 அப்படியே நிக்கலாம். அதனால ரெண்டு பக்கமும் குறுகின வாய் டிப்ஸா வாங்குங்க, வலதுக்கு எல், இடதுக்கு எம். ஒரு கம்பெனியோட "எம்" இன்னொரு கம்பெனியோட "எல்" அளவாக்கூட இருக்கும், எழுத்த நம்பாம மில்லிமீட்டர்ல வெளி விட்டத்தப் பாத்து வாங்குங்க. இப்ப இருக்கற நடுத்தரத்த முதல்ல அளந்துட்டு, வலதுக்கு அதுல இருந்து அரை முதல் ஒரு மி.மீ. கூட.

"கிரிச்" சத்தம் டிரைவர் ஃபிளெக்ஸ். இடது பக்கம் சீல் நல்லா இருக்கறதாலதான் வருது. உள்ள தள்ளும்போது அடைபட்ட காத்து டிரைவரோட சவ்வ பின்னால மடக்குது. எப்பவாவது வந்தா பயப்பட வேண்டியதில்ல. ஆனா சவ்வு மடிஞ்சே நின்னுட்டா அந்தப் பக்கம் சத்தம் திடீர்னு குறையும். வெளிய எடுத்து மெதுவா மறுபடி போட்டா பெரும்பாலும் திரும்பிடும். வராம பாத்துக்க, காத மேல இழுத்துக்கிட்டே மெதுவா உள்ள விடுங்க, கடைசி அரை மில்லிமீட்டர்ல அவசரப்படாதீங்க. பீஸோட மேல ஊசிமுனை மாதிரி ஒரு துளை இருக்கும், காத்து போறதுக்கு. போடும்போது விரல் அத மூடுதான்னும் பாருங்க. சில டிப்ஸோட பின்பக்கப் பாவாடை நாசில் அடியில இருக்கற துளைய மூடிடும், அப்பவும் இதே சத்தம் வரும், பேஸும் எக்கச்சக்கமா வீங்கும்.

பென்னாகரம்_வயர்லெஸ்:

டி.டபிள்யூ.எஸ். கேள்விக்கு வரேன். இதே டிப்ஸ அப்படியே போடாதீங்க. ஐ.இ.எம். டிப்ஸ் கழுத்து நீளம். கேஸுக்குள்ள மூடி அழுத்தி, பீஸ் சார்ஜ் முள்ளுல உக்காராது. மூடி மூடிடுச்சேன்னு விட்டா காலையில ஒரு பக்கம் சார்ஜ் இல்லாம இருக்கும். எந்த டிப்ஸ் மாத்தினாலும் கேஸ்ல வச்சதும் ரெண்டு பக்கமும் சார்ஜ் ஏறுதான்னு விளக்கையோ ஆப்பையோ பாருங்க. டி.டபிள்யூ.எஸ்.க்குன்னு கட்டையான டிப்ஸ் தனியா விக்கறாங்க. நாசில் வட்டமா, நீள்வட்டமான்னும் பாக்கணும். நீள்வட்ட நாசில்ல வட்டத் துளை டிப்ஸ் இழுத்து ஏத்தலாம்தான், ஆனா குடை கோணிக்கும், கசியும். ஏர்பாட்ஸ் ப்ரோவுக்கு டிப்ஸ் தனி கிளிப் முறை, வேற எதுவும் ஏறாது. அதுல டிப்ஸ் பொருத்தம் பாக்கற சோதனை ஐபோன் செட்டிங்ஸ்லயே இருக்கு. 2022-ல வந்த இரண்டாம் தலைமுறையில இருந்து பெட்டியில எக்ஸ்.எஸ். அளவும் சேத்துத் தராங்க, சின்னக் காதுக்கு அத முதல்ல பாருங்க.

சத்தம் அடக்கற வசதி இருந்தா சீல் இன்னும் முக்கியம். உள்ள இருக்கற மைக் செவிக்குழாயில இருக்கற சத்தத்தக் கேட்டுத்தான் எதிர் ஒலி போடுது. கசிவு இருந்தா அந்தக் கணக்கு தப்பி உறுமல் பாதிதான் அடங்கும். பஸ் ஜன்னலோரத்துல காத்து நேரா வெளி மைக்ல அடிச்சா இரைச்சல் அதிகமாகும், அதுக்கு டிப்ஸ் மாத்தி பிரயோஜனம் இல்ல. ஜன்னல மூடுங்க, இல்ல அந்த வசதிய அணைச்சிட்டு வெறும் சீல நம்புங்க.

அரிப்புக்கு முதல் சந்தேகம் அழுக்கும் ஈரமும். சிலிகான் டிப்ஸ கழட்டி, வெதுவெதுப்பான தண்ணில ஒரு சொட்டு மென்மையான சோப் போட்டுக் கழுவி, முழுசா காஞ்சப்புறம் மாட்டணும். ஈரத்தோட மாட்டினா தண்ணி நாசிலுக்குள்ள இறங்கும். ஃபோம ஈரத் துணியால துடைக்க மட்டும் செய்யுங்க, ஸ்பிரிட் பட்டா சிதைஞ்சுடும். நாசில் வலைய, நாசில் தரையப் பாக்கற மாதிரி தலைகீழா பிடிச்சு, காஞ்ச மிருதுவான பல் துலக்கியால தட்டுங்க. மேல பாக்க வச்சுத் தேய்ச்சா குறும்பி உள்ள விழும். குளிச்சு வந்த உடனே, தலைக்கு எண்ணெய் வச்ச உடனே காதுல போட வேண்டாம்னு சொல்லுங்க. ஈரக் காத மணிக்கணக்கா அடைச்சு வச்சா பூஞ்சைக்கு வசதி. சுத்தம் பண்ணியும் அரிப்பு நிக்கலன்னா, இல்ல வலி, நீர் வடிதல் இருந்தா, டிப்ஸ் ஆராய்ச்சிய நிறுத்திட்டு இ.என்.டி.கிட்ட காட்டணும்.

அரூர்_அளவுகோல்:

வால்யூம் முக்கால் என்று முதலில் எழுதியிருந்தீர்கள். பெரியவர்களுக்கு வாரத்துக்கு 80 டெசிபலில் 40 மணி நேரம் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை. ஒவ்வொரு 3 டெசிபல் ஏற்றத்துக்கும் நேரம் பாதியாகும்: 83-இல் 20 மணி, 86-இல் 10, 89-இல் 5. புது டிப்ஸ் போட்ட பிறகு பழைய வால்யூமில் தொடங்காதீர்கள். கால்வாசியிலிருந்து ஏற்றி, பேச்சு தெளிவாகும் இடத்தில் நிறுத்துங்கள்.

சிப்காட் பக்கம் வேலை செய்பவர்கள் யாரேனும் இதைப் படித்தால்: இயந்திர இரைச்சலுக்கு ஐ.இ.எம். காதுப் பாதுகாப்பாகாது. சோதித்து டெசிபல் மதிப்பீடு போட்டு வரும் இயர்பிளக், இயர்மஃப் வேறு, இது வேறு. சாலையில் வண்டி ஓட்டும்போது போடுவதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

ஓசூர்_ஃபோம்_கட்சி:

இன்னொண்ணு, பஸ் ஆளுங்களுக்கு மட்டும். ஓசூர் கிருஷ்ணகிரிய விடக் கிட்டத்தட்ட 400 மீட்டர் உயரம். சூளகிரி தாண்டி இறங்கும்போது வெளி அழுத்தம் ஏறும். காத்துத் துளை இல்லாத பேலன்ஸ்டு ஆர்மேச்சர் (டைனமிக் இல்லாத இன்னொரு டிரைவர் வகை) செட்டுல இறுக்கமான ஃபோம் போட்டிருந்தா செவிப்பறைய வெளிய இழுக்கற மாதிரி இருக்கும், சத்தமும் மந்தமாகும். ஒரு பக்கமா பீஸ லேசா நெம்பி காத்த விட்டுட்டு மறுபடி போடுங்க. துளை வச்ச டைனமிக் செட்டுல இது அவ்வளவா தெரியாது.

கிருஷ்ணகிரி_பயணி:

இப்ப இருக்கற நடுத்தரம் காலிபர்ல 12.1 மி.மீ. நாசில் கழுத்து 5.3, விளிம்பு 5.8. வலதுக்கு 13 பாக்கறேன். குறுகின வாய்னா துளை எவ்வளவு இருக்கணும்?

அரூர்_அளவுகோல்:

5.3 கழுத்துக்கு டிப்ஸின் பின்துளை 4 முதல் 4.8 மி.மீ. வரை இருந்தால் இழுத்து ஏறி நிற்கும். விளிம்பும் இருப்பதால் கழலும் பயமில்லை. முன்வாய் 3.5 முதல் 4 மி.மீ. போதும். அதற்கும் குறுகினால் ட்ரெபிள் தேவைக்கு மேல் இறங்கும். இடது, வலது இரண்டுக்கும் அளவு வேறானாலும் ஒரே மாடலாக வாங்குங்கள். வாய் வேறு வேறானால் பாடகரின் குரல் நடுவில் நிற்காமல் ஒரு பக்கம் சாயும். வந்ததும் ஒற்றை ஒலி (மோனோ: இரு காதுக்கும் ஒரே ஒலி) அமைப்பில் பேச்சு ஒன்றைப் போட்டு, குரல் நெற்றிக்கு நேராக நிற்கிறதா என்று பாருங்கள். சாய்ந்தால், சத்தம் குறைந்த பக்கத்தில் 40 ஹெர்ட்ஸ் அழுத்தும் சோதனையை மறுபடி செய்யுங்கள்.